திறப்பு விழா உண்டு, கும்பாபிஷேகம் இல்லை

எங்கள் வீட்டுக்கு வெளியூரிலிருந்து யார் வந்தாலும் இரண்டாம் நாள் காலையில் அந்தக் கேள்வி வந்துவிடும். "பக்கத்துல தீம் பார்க் எது நல்லா இருக்கும்?" கேளம்பாக்கத்தில் குடியிருப்பதால் வரும் வினை இது. கோவளம் சாலையில் கிழக்கே போய் ஈசிஆரைப் பிடித்து வடக்கே திரும்பினால் முட்டுக்காட்டில் எம்ஜிஎம், இன்னும் மேலே போனால் ஈஞ்சம்பாக்கத்தில் விஜிபி. வண்டலூர் சாலையில் மேற்கே போய்த் தாம்பரத்தையும் தாண்டினால் கிஷ்கிந்தா இருக்கிற தர்காஸ். தெற்கே ஓஎம்ஆரிலேயே போனால் திருப்போரூர்ப் பக்கம் 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லா. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு ராட்டினம் இருக்கிற ஊர்.

கோடை விடுமுறையில் அக்கா வந்திருந்தபோது அதே கேள்விக்கு நான் ஒரு பழைய பூங்காவைச் சொன்னேன். பெயர் எழுதப்போவதில்லை. மேலே சொன்னவற்றில் ஒன்று என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம், சென்னையைச் சுற்றி இப்படிப் பல உண்டு. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் நான் போன இடம் அது. அக்கா பையனுக்கு எட்டு வயது. நான் பார்த்ததை அவனும் பார்க்கட்டும் என்கிற ஆசைதான். சுயநலம் என்றும் சொல்லலாம்.

வாசலில் ஒரு அரக்கன் வாயைத் திறந்துகொண்டிருப்பான், அந்த வாய் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். நான் சிறுவனாகப் போனபோது கண்ணில் சிவப்பு பல்ப் எரியும், தொண்டையிலிருந்து உறுமல் வரும். இப்போது கோரைப்பல் ஒன்று பாதியில் உடைந்து, உள்ளேயிருந்து துருப்பிடித்த கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. யாரும் குத்திக்கொள்ளக் கூடாது என்று மஞ்சள் டேப் சுற்றியிருந்தார்கள். "மாமா, பேய்க்குப் பல்லு விழுந்திருச்சா?" என்று கேட்டான். சிரித்தோம். அவன் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "உள்ள கம்பிதான் இருக்கு" என்றான். அது பொம்மை என்று அவனுக்கு முன்னாடியே தெரியும். எட்டு வயதில் தெரியாமல் இருக்குமா? ஆனால் தெரிந்தும் தெரியாத மாதிரி விளையாட வந்தவன், கம்பியைப் பார்த்த பிறகு அந்த விளையாட்டை நிறுத்திவிட்டான். அன்று முழுவதும் எந்தப் பொம்மையிடமும் அவன் பயப்படவில்லை. பயப்படுகிற மாதிரி நடிக்கவும் இல்லை.

உள்ளே ஒரு காட்டுப் படகுச் சவாரி. ஒரு காலத்தில் தலையாட்டிய விலங்குகள் இப்போது சும்மா நின்றன. மோட்டார் போய்விட்டது, ஒலிபெருக்கி மட்டும் வேலை செய்கிறது. அதனால் வாயை மூடிக்கொண்டிருக்கும் சிங்கத்திடமிருந்து கர்ஜனை வருகிறது. ஒரு வளைவில் படகுக்காரர் கையைக் காட்டி, "முன்னாடி இந்த யானை தண்ணி அடிக்கும் சார்" என்றார். படகே சிரித்தது. அவரும் புரிந்துகொண்டு, "துதிக்கையால சார், துதிக்கையால" என்றார். அந்தப் படகில் யானை ஒன்றுக்குத்தான் அன்றைக்குக் கதை இருந்தது. அதையும் கொடுத்தவர் படகுக்காரர்.

ஒரு கோட்டை இருந்தது. முன்பு கல் நிறத்தில் இருந்த அதன் மதில் இப்போது ஒரு குளிர்பானக் கம்பெனியின் நிறத்தில் இருந்தது. கோட்டைக்கும் டைனோசருக்கும் நடுவே, எதற்கும் சம்பந்தமில்லாமல், இதய வடிவத்தில் ஒரு செல்ஃபி பாயின்ட். அதில் மட்டும் பெயிண்ட் புதிது.

அன்றிரவு தொடங்கியதுதான் இந்தக் குறிப்பு. பராமரிப்பு சரியில்லை என்று புகார் எழுத இரண்டு வரி போதும். நமது பூங்காக்கள் ஏன் ஒரே மாதிரியாகப் பழசாகின்றன என்பதுதான் எனக்குப் புரிய வேண்டியிருந்தது.

முதலில் சொல் பற்றி. 'தீமிங்' என்பதற்குப் பூங்காக்காரர்கள் 'தீம்' என்றே சொல்கிறார்கள். 'கருப்பொருள் அலங்காரம்' என்று எழுதினால் கல்யாண மண்டப விளம்பரம் மாதிரி இருக்கிறது. நான் வேஷம் என்று எழுதுகிறேன். ராட்டினம் என்பது இரும்பும் மோட்டாரும். அதை அரக்கன் வாய் என்றோ காட்டாறு என்றோ நம்பவைப்பது வேஷம். வேஷம் இல்லாத ராட்டினமும் ராட்டினம்தான். தீவுத்திடல் பொருட்காட்சியில் இருப்பது அதுதான், அதற்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் தீம் பார்க் என்று பெயர் வைத்து ஒரு நாள் முழுக்க நுழைவுக் கட்டணம் வாங்குகிறவர், பொருட்காட்சியைவிடக் கூடுதலாக விற்பது அந்த வேஷத்தைத்தான்.

அந்த வேஷத்தை யார் கட்டினார்கள் என்று பார்த்தால் சினிமா வந்து நிற்கிறது. கிஷ்கிந்தாவை 1995இல் தொடங்கியவர் நவோதயா அப்பச்சன். 1982இல் 70 எம்எம் 'படையோட்டம்' எடுத்தவர், 1984இல் இந்தியாவின் முதல் 3டி படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' தயாரித்தவர். அந்த 3டி படத்தை இயக்கியவர் அவர் மகன் ஜிஜோ. அதில் குழந்தைகள் சுவரிலும் கூரையிலும் நடந்துபோகிற ஒரு பாட்டு உண்டு. பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அறை முழுவதையும் சுழலும் இரும்புச் சட்டத்துக்குள் கட்டி, கேமராவையும் அறையோடு சேர்த்துப் பிணைத்துச் சுற்றினார்கள். 1951இல் ஃப்ரெட் அஸ்டேர் ஹாலிவுட்டில் ஆடிக்காட்டிய அதே உத்தி. கலை இயக்குநர் கே.சேகர். யோசித்துப் பார்த்தால் அந்த அறையே ஒரு ராட்டினம்தான். வேஷம் போட்ட ராட்டினம். அதைக் கட்டிய வீடு அடுத்ததாக ஒரு பூங்கா கட்டியதில் ஆச்சரியம் இல்லை.

பெயரையும் பாருங்கள். இந்திய ராமாயணக் கதைகளிலேயே தீம் பார்க்குக்கு ஏற்ற இடம் கிஷ்கிந்தைதான். அயோத்தி ரொம்ப மரியாதையான ஊர். இலங்கையில் போர். கிஷ்கிந்தையில்தான் குரங்குகள் தாவுகின்றன. வானரர்கள் இருட்டுக் குகைக்குள் வழி தெரியாமல் நுழைந்து, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு போய், கடைசியில் வெளிச்சமான ஒரு பொன் நகரத்தில் வெளிப்படுகிறார்கள். கம்பனில் 'பிலம் புக்கு நீங்கு படலம்' என்று தனிப் படலமே இருக்கிறது. இருட்டுச் சவாரி ஒன்றுக்கு இதைவிட நல்ல திரைக்கதை யார் எழுத முடியும்? சீதையைக் கண்டுவிட்ட சந்தோஷத்தில் வானரர்கள் மதுவனத்துக்குள் புகுந்து தேன் குடித்து அட்டகாசம் செய்வதாக வால்மீகியில் வருகிறது. அப்படியே தண்ணீர்ப் பூங்கா. நம் ஊர்ப் பூங்காக்களுக்குக் கதைப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சினிமா செட்டுக்கு ஒரு காலக்கணக்கு உண்டு. படப்பிடிப்பு முடியும் வரை நின்றால் போதும். பின்பக்கம் சவுக்குக் கட்டையும் சாக்குத் துணியுமாக இருக்கலாம், கேமரா அந்தப் பக்கம் போகாது. மழைக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். செட் போடுகிறவரின் திறமையே குறைந்த செலவில் குறைந்த நாளுக்கு அதிக நம்பிக்கையை உண்டாக்குவது. அதே மனக்கணக்கோடு பூங்கா கட்டினால் திறப்பு விழா அன்று பிரமாதமாக இருக்கும். ஐந்தாவது வருஷம்? செட் பார்க்க வந்தவர் பின்பக்கமும் போகிறார், தொட்டுப் பார்க்கிறார், அவர் பையன் ஏறி உட்காருகிறான்.

இந்த உறவு எவ்வளவு நெருக்கம் என்பதற்கு செம்பரம்பாக்கத்தைப் பாருங்கள். அங்கே ஈவிபி என்றொரு தீம் பார்க் இருந்தது. 2012இல் ராட்டினத்திலிருந்து விழுந்து ஒரு இளம்பெண் இறந்துபோனார். அந்தப் பூங்கா மூடியது. பிறகு அதே இடம் ஈவிபி ஃபிலிம் சிட்டி ஆனது. தமிழ் பிக் பாஸ் வீடு போடுவது அங்கேதான். 2020 பிப்ரவரியில் 'இந்தியன் 2' படப்பிடிப்பில் கிரேன் சாய்ந்து மூன்று பேர் இறந்ததும் அங்கேதான். பூங்காவாக இருந்த நிலம் செட்டுகளுக்குப் போனது. வருஷா வருஷம் வீடு கட்டிப் பிரிக்கிற பிக் பாஸுக்கு அந்தக் காலக்கணக்கு பொருந்துகிறது.

ஆனால் நமக்கு இன்னொரு காலக்கணக்கும் தெரியும். கோபுரத்துச் சுதை வேலை. செங்கல்லை உள்ளே வைத்து, சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய்த் தண்ணியும் வெல்லமும் சேர்த்து அரைத்து, அடுக்கடுக்காகப் பூசி உருவம் பிடிப்பது. ஆயிரக்கணக்கான பொம்மைகள், நல்ல வெயில், நல்ல மழை, புறா, ஆலங்கன்று. தீம் பார்க்கின் எல்லாப் பிரச்சினையும் கோபுரத்துக்கும் உண்டு. அதற்கு நம் ஆட்கள் கண்ட வழி, உடைந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், உடையும் என்று முன்கூட்டியே ஒத்துக்கொண்டு நாள் குறிப்பது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை திருப்பணி, கும்பாபிஷேகம். பாலாலயம் செய்து மூலவரின் சக்தியை வேறு இடத்தில் எழுந்தருளச் செய்துவிட்டு, சாரம் கட்டி, வேலையைத் தொடங்குகிறார்கள். அந்த நாட்களில் கோயிலுக்குப் போகிறவர் ஏமாற்றமடைவதில்லை. "பாலாலயம் பண்ணியிருக்காங்க" என்று சொல்லிவிட்டுக் கும்பிட்டுவிட்டு வருகிறார். மூடியிருப்பதற்கு ஒரு பெயர் இருக்கிறது, திறப்பதற்கு ஒரு நாள் இருக்கிறது. எங்கள் அரக்கனுக்கு மஞ்சள் டேப் மட்டும்தான் இருந்தது.

கோயில்களும் இதில் தவறாமல் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் 1997 குடமுழுக்கு யாகசாலையில் தீப்பிடித்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அடுத்தது நடந்தது 2020இல், இருபத்துமூன்று வருஷம் கழித்து. திருப்பணி என்ற பெயரில் மணல் பீய்ச்சிக் கல்வெட்டைத் தேய்த்ததும், பழைய சுவரோவியத்தின் மேல் வெள்ளையடித்ததும் நம் ஊரில் நடந்த அநியாயங்கள்தான். ஆனாலும் பன்னிரண்டு வருஷம் தாண்டினால் ஊரில் யாராவது ஒருவர் "இன்னும் பண்ணலையே" என்று கேட்பார். பூங்காவுக்கு அப்படிக் கேட்கிறவர் யார்?

எனக்குத் தெரிந்த சுதை வேலைக்காரர் ஒருவர் இரண்டு பக்கமும் வேலை செய்தவர். பூங்காவுக்குப் பொம்மை செய்வதில் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். பணம், பொருள் என்று ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். "கோயில்ல வேலை எடுத்தா பன்னெண்டு வருஷம் கழிச்சு இன்னொருத்தன் வந்து நம்ம வேலையப் பிரிச்சுப் பார்ப்பான் சார். அந்த பயம் இருக்கும். பார்க்ல நாமதான் முதலும் கடைசியும்" என்றார்.

பொருள் விஷயத்தையும் அவரே பிறகு சொன்னார். பூங்காப் பொம்மை சுண்ணாம்பில் செய்வதில்லை. கம்பி கட்டி, கோழிவலை சுற்றி, மேலே சிமெண்ட் பூச்சு. சீக்கிரம் முடியும், பெரிதாகவும் செய்யலாம். இந்தப் பக்கத்துக் காற்றில் அதற்கு ஒரு தனி எமன் உண்டு. கேளம்பாக்கத்தில் குடியிருக்கிறவர்களுக்கு அது தெரியும். கோவளம் போகிற வழியில் உப்பளம் பார்த்திருப்பீர்கள். எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியே மூன்று வருஷத்தில் பொரிந்துபோகிறது. உப்புக் காற்று சிமெண்டின் நுண்துளை வழியாக உள்ளே இறங்கிக் கம்பியைத் தொடும். கம்பி துருப்பிடிக்கும். இரும்பைவிடத் துருவுக்கு இடம் அதிகம் வேண்டும், அதனால் உள்ளேயிருந்து தள்ளும். பூச்சு விரியும், விரிசலில் மழைத்தண்ணீர் போகும், இன்னும் துரு. கோரைப்பல் உடைந்தது யாரும் உடைத்ததால் இல்லை, உள்ளேயிருந்து வெடித்ததால். மேலே எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும் இது நிற்காது. ஃபைபர் பொம்மை துருப்பிடிக்காது, ஆனால் வெயிலில் மேல்பூச்சு சாம்பல் பூத்து, உள்ளே இருக்கிற நார் தெரிய ஆரம்பிக்கும். தொட்டால் கை அரிக்கும்.

அப்படியானால் மே மாதத்துக்கு முன்னால் வருஷா வருஷம் அடிக்கிற பெயிண்ட்? அதைப் பராமரிப்பு என்று கணக்கில் எழுதுகிறார்கள். உண்மையில் அது விரிசலை மறைக்கிற வேலை. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தடிமன் ஏறி, அரக்கனின் முகச்சுருக்கமெல்லாம் மொழுமொழு என்று ஆகி, கடைசியில் கோபமான அரக்கன் தூக்கம் வந்த அரக்கன் ஆகிவிடுகிறான். எனக்கு முகம் மாறிப்போனதுதான் பல் உடைந்ததைவிட வருத்தமாக இருந்தது. பல்லை ஒட்டவைக்கலாம்.

வேஷம் கெடுவதில் உதிர்வது ஒரு வகை, கலப்படம் இன்னொரு வகை. உதிர்வதை எல்லோரும் பார்க்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். கலப்படம் கண்ணில் படாது. குளிர்பான நிறக் கோட்டையும் இதய வடிவ செல்ஃபி பாயின்ட்டும் அந்த வகை. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் நியாயமான முடிவு. கம்பெனி பெயிண்ட் அடித்துத் தருகிறது, பணமும் தருகிறது. வருகிறவர்கள் செல்ஃபி எடுக்கத்தானே வருகிறார்கள்? ஆனால் பத்து நியாயமான முடிவுகளுக்குப் பிறகு அது எந்த இடம் என்றே தெரியாமல் போகிறது. கோட்டை கோட்டையாகவும் இல்லை, விளம்பரப் பலகையாகவும் இல்லை. உதிர்ந்ததைப் பழுதுபார்க்கலாம். கலந்ததைப் பிரிக்க, முதலில் இது என்ன இடமாக இருந்தது என்று நினைவிருக்கிற ஒருவர் நிர்வாகத்தில் இருக்க வேண்டும்.

நடத்துகிறவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இது வெறும் வசவு. வருஷத்தில் கூட்டம் வருவது ஏப்ரல், மே, பொங்கல், தீபாவளி, பள்ளிச் சுற்றுலாக் காலம். மற்ற நாட்களில் ராட்டினம் ஓட்டுகிறவர்கள் ஈ ஓட்டுகிறார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது பூங்கா நுழைவுக்கு 28 சதவீதம் போட்டார்கள், சூதாட்டத்துக்குப் போட்ட அதே வரி. 2018 ஜனவரியில்தான் 18 ஆகக் குறைத்தார்கள். அப்புறம் 2020, 2021. எல்லோரையும்விட முதலில் மூடி, கடைசியில் திறந்தவர்கள் இவர்கள்தான். இதையெல்லாம் தாண்டி, புது ராட்டினம் ஒன்று வாங்கினால் பேருந்தின் பின்னால் விளம்பரம் போடலாம். "அரக்கனுக்குப் பல் கட்டியாச்சு" என்று யார் விளம்பரம் போடுவார்கள்? இருக்கிற பணத்தில் பிரேக்கும் போல்ட்டும் பார்ப்பதா, பொம்மைக்கு மூக்கு வைப்பதா என்று கேட்டால், போல்ட்தான். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் அந்தக் கேள்வி அப்படி இரண்டாகப் பிரிகிறதா என்பதில்தான் சந்தேகம். 2016 மே மாதம் கிஷ்கிந்தாவில் நடந்த விபத்தில் ஒரு ஊழியர் இறந்தார், பலர் காயப்பட்டார்கள். அது பழைய ராட்டினம் இல்லை. புதிதாக நிறுவியதை ஊழியர்களை ஏற்றி ஓட்டிப் பார்க்கும்போது நடந்தது. 2025 மே மாதக் கடைசியில் விஜிபியில் ஒரு ராட்டினம் உயரத்திலேயே நின்றுபோய், முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மணிக்கணக்கில் அந்தரத்தில் இருந்தார்கள். தீயணைப்புத் துறையினர் ஸ்கைலிஃப்ட் வைத்து எல்லோரையும் பத்திரமாக இறக்கினார்கள். இந்த இரண்டுக்கும் பெயிண்டுக்கும் சம்பந்தமில்லை. அதை இங்கே முடிச்சுப் போடுவது தப்பு. நான் சொல்லவருவது வேறு. டிக்கெட் எடுத்து உள்ளே போகிற எனக்கு போல்ட்டைப் பார்க்கத் தெரியாது, பார்க்கவும் விடமாட்டார்கள். எனக்குத் தெரிகிற ஒரே ஆய்வறிக்கை அந்த வேஷம்தான். வாசலில் நீட்டிக்கொண்டிருக்கிற கம்பியைத் தினமும் நூறு ஊழியர்கள் தாண்டிப் போகிறார்கள், யாருக்கும் அது உறுத்தவில்லை, அல்லது உறுத்தியும் சொல்ல வழியில்லை என்பதை அது எனக்குச் சொல்கிறது. பொம்மைக்கு மூக்கு போனதைச் சொன்னால் கேட்காத இடத்தில், போல்ட்டில் சத்தம் வருகிறது என்று சொன்னால் கேட்பார்கள் என்று எதை வைத்து நம்புவது?

சினிமாக்காரர்கள் கட்டியதால்தான் எல்லாம் போச்சு என்றும் முடித்துவிட முடியாது. 1955இல் டிஸ்னிலாந்து திறந்தபோது அதைக் கட்டியவர்களும் ஹாலிவுட் கலை இயக்குநர்கள்தான். அங்கே கடைத்தெருக் கட்டிடங்களின் மேல்மாடியைக் கீழ்மாடியைவிடச் சின்னதாகக் கட்டி உயரமாகக் காட்டியிருப்பது பச்சையான செட் வித்தை. அவர்கள் கூடுதலாகச் செய்தது, இரவு ஷிஃப்ட் ஒன்று வைத்தது. கூட்டம் போன பிறகு பெயிண்ட் அடிக்கிறவர், விளக்கு மாற்றுகிறவர், கழுவுகிறவர் வருகிறார்கள். பெரிய வேலை என்றால் இந்தச் சவாரி இந்தத் தேதியிலிருந்து மூடல் என்று முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். பாலாலயம்தான், வேறென்ன. அவர்கள் வாங்குகிற கட்டணம் நம் கட்டணத்தைப் போல எத்தனையோ மடங்கு, அது உண்மை. ஆனால் தேதி போட்டுப் பலகை வைக்கப் பணம் எதற்கு?

பணம் குறைவாக இருந்தால் வேஷத்தை இரும்பில் போடாமல் ஆளில் போடலாம். இதை உலகத்துக்கே காட்டிய ஊர் நம்முடையது. விஜிபி வாசலில் சிலை மனிதர் நிற்பதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். யார் என்ன சேஷ்டை செய்தாலும் அசையாமல், சிரிக்காமல் நிற்பவர். எண்பதுகளில் தொடங்கிய அந்த வேஷத்தை இன்றைக்கும் ஜனங்கள் பேசுகிறார்கள். உப்புக் காற்றில் துருப்பிடிக்கவில்லை, நிறம் போகவில்லை. மனிதனைச் சிலையாக நிற்கவைப்பது சரியா என்று கேட்டால் எனக்கும் சங்கடம் உண்டு. கால் வலி அவருக்குத்தானே. நான் சொல்வது நின்றுபோன சிலை வேண்டும் என்று இல்லை. எங்கள் படகுக்காரரை நினைத்துக்கொள்கிறேன். யானை பற்றி ஒரு வரி சொன்னார், படகே உயிர்பெற்றது. அவருக்கு நிர்வாகம் ஒரு தொப்பியும், பத்து நிமிஷத்துக்கு ஒரு கதையும், சம்பளத்தில் கொஞ்சம் கூடவும் கொடுத்திருந்தால் அந்த மோட்டார்கள் ஓடாதது யாருக்கும் தெரிந்திருக்காது.

விஜிபி என்றதும் இன்னொன்று. வி.ஜி. பன்னீர்தாஸ் சென்னைக்காரர்களுக்குத் தவணை முறையில் ரேடியோவும் கடிகாரமும் வாங்கப் பழக்கியவர். பராமரிப்பும் ஒரு வகையில் தவணைதான், கட்டி முடிக்க முடியாத தவணை. ஒன்றிரண்டு விட்டால் வட்டி ஏறிவிடும்.

பழசாவது எல்லா இடத்திலும் அசிங்கமாக இருப்பதில்லை என்பதற்கு முட்டுக்காட்டிலேயே சாட்சி இருக்கிறது. 1996இல் திறந்த தட்சிணசித்ரா. அது தீம் பார்க் இல்லை, ராட்டினம் கிடையாது, தெரியும். ஆனால் போகிறவர்கள் அதே குடும்பங்கள்தான், அங்கேயும் விற்பது வேறொரு காலத்துக்குள் நுழைந்த உணர்வைத்தான். செட்டிநாட்டு வீடு, கேரளத்து வீடு என்று பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து திரும்பக் கட்டியிருக்கிறார்கள். தேக்கும் சுண்ணாம்பும் நாட்டு ஓடும். அந்தத் திண்ணையின் வழுவழுப்பு பத்து வருஷத்துக்கு முன்னால் இருந்ததைவிட இப்போது அழகு. நாட்டு ஓடு மாற்றாமல் எந்த வீடும் நிற்காது, அந்தக் கட்டிடங்கள் முதல் நாளிலிருந்தே ஆள் கை கேட்கிறவை. ஒருமுறை கட்டினால் போதும் என்கிற ஏமாற்று அந்தப் பொருளிலேயே இல்லை. சிமெண்ட் அரக்கனிடம் இருப்பதே அந்த ஏமாற்றுதான். இருபது வருஷம் ஒன்றும் கேட்காத மாதிரி நின்றுவிட்டு, ஒரு நாள் பல்லைக் கொடுத்துவிடுவான்.

திருப்போரூர் விஷயத்துக்கு வருகிறேன். வொண்டர்லா திறந்ததிலிருந்து எங்கள் பக்கத்துச் சாலையில் பள்ளிப் பேருந்துகள் கூடிவிட்டன. பெரிய ரோலர் கோஸ்டருக்குத் 'தஞ்சோரா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரிலேயே தஞ்சாவூரை இழுத்துக்கொண்டாயிற்று. அதே திருப்போரூரில்தான் கந்தசாமி கோயிலும் இருக்கிறது. கோயிலுக்கு எப்போது அடுத்த திருப்பணி என்று ஊரில் கணக்கு வைத்திருப்பவர்கள் உண்டு. பூங்காவிலும் அப்படி ஒரு கணக்கை வாசலிலேயே எழுதிவைக்கலாமே? ஒவ்வொரு சவாரி முன்னாலும் ஒரு சின்னப் பலகை. எப்போது கட்டியது, கடைசியாக எப்போது முழுசாகப் பிரித்துப் பார்த்தது, அடுத்து எப்போது மூடப்போகிறோம். அபார்ட்மென்ட் லிஃப்டுக்கே தமிழ்நாட்டில் 1997இலிருந்து சட்டமும் உரிமமும் உண்டு. மூன்று மாடி ஏறுகிற பெட்டிக்கு இருக்கிற காகிதத்தைத் தலைகீழாகத் தொங்கவிடுகிற இயந்திரத்தின் முன்னால் மாட்டிவைப்பதில் என்ன கஷ்டம்? பொம்மைகளுக்கும் அதே பலகையில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.

திறந்து பன்னிரண்டு வருஷம் என்றால் 2037 டிசம்பர். அக்கா பையனுக்கு அப்போது இருபது வயது ஆகியிருக்கும். என்னோடு வருவானா என்று தெரியாது. ஊருக்குக் கிளம்புகிற அன்று அவன் வேறு ஒன்று சொன்னான். "அந்தப் பேய்க்குப் பல்லு கட்டிட்டா சொல்லுங்க மாமா, அப்பா கூட வர்றேன்." இதை எழுதுவதற்கு முன்னால் ஒருமுறை அந்த வழியாகப் போனபோது வெளியிலிருந்தே எட்டிப் பார்த்தேன். டேப் மட்டும் மாறியிருந்தது. மஞ்சளுக்குப் பதில் சிவப்பு வெள்ளை.